நாலு லிட்டர் எண்ணெய்

அக்டோபர் 14, செவ்வாய்

பயிற்சி முடிந்து வீடு திரும்ப ஆறு மணி. மதியம் கொடுத்த தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது; பாதியை வைத்துவிட்டேன். குடைக்கம்பி ஒன்று முறிந்துவிட்டது. மழை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள்.

இளவழகன் சார்தான் எங்களுக்குத் திட்ட அலுவலர். தினமும் நாலு வரி எழுதிவையுங்கள், அறிக்கை எழுதும்போது ஞாபகம் இருக்கும் என்றார். அதற்காக இந்தப் பழைய டைரியை எடுத்தேன். அச்சிட்ட தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

திட்டம் இதுதான். மழைக்காலத்தில் நாலு மாதம் உப்பளம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். வேலை இருக்காது. அளத்துத் தொழிலாளிகளுக்கு அந்த நாலு மாதமும் உதவித்தொகை உண்டு. போன வருஷம் வரை வங்கியில் பணமாக வந்தது. இந்த வருஷம் எங்கள் நெடுங்கரை வட்டாரத்தில் மட்டும் சோதனையாக அட்டை கொடுத்திருக்கிறார்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு, நாலு கடைகளில் மட்டும் பொருள் வாங்கலாம். பட்டியலில் இருபத்திரண்டு பொருள். அரிசி, பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு, சோப்பு என்று போகிறது. பணமாக எடுக்க முடியாது. வாங்கின பொருள் வீட்டில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆறு சரிபார்ப்பாளர்கள். அதில் நான் ஒருத்தி. ஜனவரி கடைசி வரை ஒப்பந்தம். ஒழுங்காகச் செய்தால் நீட்டிப்பார்களாம்.

எனக்கு இந்தத் திட்டம் பிடித்திருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது அளத்தில் கொடுத்த மழைக்கால முன்பணத்தை அப்பா நாலே நாளில் குடித்துத் தீர்த்தார். அந்த மழை முழுக்க எங்களுக்குக் கஞ்சியும் முருங்கைக்கீரையும்தான். "இதை அரிசியாக் குடுத்தா என்ன?" என்று அம்மா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கொடுக்கிறார்கள். அம்மாதான் இல்லை.

அப்பாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். வாதம் வந்து மூன்று வருஷமாக இடது பக்கம் விளங்காது. பேச்சும் குழறும், ஆனால் காது நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள். கடையில் உட்கார்ந்து விற்பனையைக் கவனிக்கச் சொன்னார்கள். எனக்குத் தங்கக்கனி அண்ணாச்சி கடை. அவரே நாற்காலி போட்டுக் காப்பி வரவழைத்தார்.

கடலை மாவுதான் இன்றைய சண்டை. பட்டியலில் இல்லை.

"உளுந்து இருக்கு, கடலை மாவு இல்லியா? யாரு அண்ணாச்சி போட்ட லிஸ்ட்டு இது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அண்ணாச்சி கண்ணால் என்னைக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய முறுக்கு கேக்குதுவளே, மேடம்" என்றாள். நான் பட்டியல் போடவில்லை என்று சொன்னேன்.

அட்டையைத் தேய்த்தால் போனில் ஒரு எண் வரும். அதைச் சொன்னால்தான் பில் போட முடியும். பாதிப் பேர் போனில் ரீசார்ஜ் இல்லாததால் எண் வரவில்லை. ரீசார்ஜ் பட்டியலில் இல்லை. சாயங்காலம் இதை இளவழகன் சாரிடம் சொன்னேன். "நல்ல பாயிண்ட். எழுத்துல குடுங்க" என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையிலிருந்து மழை. தெருவில் வெடிச்சத்தம் குறைவு. அப்பாவுக்கு இரண்டு இட்லி ஊட்டினேன். காஸ் பதிவு செய்ய வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

பதினான்கு வீடுகள். முழங்கால் வரை சேறு. இசக்கியம்மாள் வீட்டில் அரிசி மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். புருஷன் வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"யக்கா, போன வருசம் பணம் வந்த அன்னிக்கே என் கையை முறுக்கிப் புடுங்கிட்டுப் போனாரு. இந்த வருசம் அட்டையை எடுத்துட்டுப் போயி டாஸ்மாக்ல நீட்டட்டும் பாப்போம்" என்று அவன் காதில் விழும்படி சொன்னாள். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கால் வலி இருந்தும் இன்று நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

அப்பாவின் முதியோர் பென்ஷன் வந்தது. வழக்கம்போல் அவர் கைரேகையை வைத்து நான்தான் எடுத்தேன். மருந்து, பவுடர், ஒரு கைலி.

சாப்பிடும்போது, பத்து ரூபாய் வேண்டும் என்றார்.

"எதுக்குப்பா?"

"சும்மா. பையில கெடக்கட்டும்."

"வேணுங்கறதை எல்லாம் நாந்தான வாங்கித் தாரேன்? படுத்துக் கிடக்கவருக்குப் பையில காசு எதுக்கு?"

அவர் அப்புறம் கேட்கவில்லை. சோறும் பாதிதான் இறங்கியது. பல் வலியாக இருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

கூட்டம். மற்ற ஐந்து பேரும் ஏழு, எட்டு என்று முரண் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் இரண்டு.

"எல்லாரும் யோக்கியம்னு எழுதினா மேல இருக்கறவங்க நம்புவாங்களா, எமல்டா?" என்றார் இளவழகன் சார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். "வாரத்துக்கு மூணாவது வேணும். எச்சரிக்கை எல்லாம் எண்ணிக்கைல வராது. நிறுத்தம்தான் வரும்."

விதி என்னவென்றால், வாங்கின பொருள் வீட்டில் இல்லாவிட்டால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவையும் இல்லாவிட்டால் அட்டை நிறுத்தம்.

திரும்பி வரும்போது செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

இந்த வாரம் இரண்டுதான் தேறியது. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்: "ஆறாம் தெரு வள்ளித்தாய் வீட்டைப் பாத்தீயளா? தனிக்கட்டை. மாசத்துக்கு நாலு லிட்டர் எண்ணெய் வாங்குதா. தலைக்கு ஊத்திக் குளிக்காளோ என்னமோ."

கிளம்பும்போது ஒரு கிலோ உளுந்தைப் பையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "அப்பாவுக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

வள்ளித்தாய் வீடு ஆறாம் தெருவின் கடைசி. ஐம்பது வயது இருக்கும். கணவர் அளத்தில் வேலை பார்த்தவர், இறந்து இரண்டு வருஷம். ஒரே மகளை விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான்.

"நாலு லிட்டர் வாங்கியிருக்கீங்களே, எங்க?"

"வித்துட்டேன்."

இப்படி யாரும் நேராகச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுத்தேன், கொட்டிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

"யாருக்கு?"

"இட்லி சுடுதவளுக்கு. அவளுக்கும் எண்ணெய் வேணும்லா."

"காசை என்ன செஞ்சீங்க?"

"செலவு இருந்துச்சு."

"என்ன செலவுன்னு சொன்னா எழுதிக்கிடலாம்."

"குடிக்கல, மேடம். கடன்காரனுக்கும் குடுக்கல. அதை மட்டும் எழுதிக்கிடுங்க. மிச்சத்தைச் சொன்னா அது எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க அந்தக் கடையில உக்காந்து காப்பி குடிக்கீய."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கம் கொடுக்கிற பொருளை விற்றுவிட்டு என்ன மிடுக்கு. கேட்டேன், சொல்லவில்லை. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 24, திங்கள்

படிவம் நிரப்பப்பட்டது. எல்லாக் கட்டமும். மதியத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. போன வாரக் கணக்கில் மூன்று.

உளுந்து நல்ல உளுந்து. அப்பா கஞ்சி குடித்தார்.

நவம்பர் 28, வெள்ளி

வள்ளித்தாய் அட்டை நிறுத்தப்பட்டது.

டிசம்பர் 2, செவ்வாய்

வள்ளித்தாய் அலுவலகத்துக்கு வந்திருந்தார். சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வராந்தாவில் நின்றபடியே இளவழகன் சாரிடம் பேசினார். நான் பின்பக்கம் போய்க் கை கழுவினேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது அவர் இல்லை.

தனக்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னதாக சார் சொன்னார். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்க படிவத்துல 'ஆம்'னு இருக்கு. அது போதும்."

அது போதும்.

டிசம்பர் 9, செவ்வாய்

இரவு முழுக்கப் பேய்மழை. சமையலறை ஓட்டில் ஒழுகி, அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்தேன்.

காலை எட்டு மணிக்கு மெயின்ரோட்டில் வள்ளித்தாய் நின்றார். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஏதோ காகிதங்கள். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய வயசாளி ஒருவர். தூத்துக்குடி டவுன் பஸ் வந்தது. அதில் பெண்களுக்கு இலவசம், வள்ளித்தாய் ஏறினார். அந்த மனிதர் ஏறவில்லை. கையை விரித்து ஏதோ சொன்னார். வள்ளித்தாயும் இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது. அந்த வயசாளி மழையிலேயே தெருவுக்குள் நடந்து போனார். வள்ளித்தாய் மட்டும் அங்கேயே நின்றார்.

நான் எதிர்ப்பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் இருந்தேன். ஒன்பதரைக்கு நான் கிளம்பும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். எங்கே போக வேண்டுமோ.

டிசம்பர் 12, வெள்ளி

அம்மா இறந்த நாள். கோயிலில் பூசை வைத்தேன். வந்து அப்பாவின் சட்டைப் பையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை வைத்தேன். வலது கையால் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

சட்டையை ஊறப்போடும்போது பார்த்தேன். நோட்டு அப்படியே இருந்தது. நாலாக மடித்திருந்தார். உலர்ந்த சட்டைக்கு மாற்றினேன்.

டிசம்பர் 22, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வள்ளித்தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசல்படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். உட்காரவில்லை. அதே பிளாஸ்டிக் கவர்.

"ஒரு தாள் எழுதித் தரணும், மேடம். அதுக்குத்தான் வந்தேன்."

"என்ன தாள்?"

"திருநெல்வேலி லேபர் கோர்ட்டுல எனக்கு ஒரு கேஸ் நடக்கு. ஒம்பதாம் தேதி வாய்தா. போக முடியல. கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாவ. வக்கீலம்மா திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடுதாவ. ஏன் வரலன்னு காரணத்துக்கு ஆதாரம் வேணுமாம். என் அட்டை நின்னதுதான் காரணம். அதை நிறுத்துனது நீங்க."

பிறகு நின்றபடியே எல்லாம் சொன்னார். அவர் கணவர் சுடலைமுத்து, தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் கரண்ட் அடித்து அளத்திலேயே செத்துப்போனார். இழப்பீடு கேட்டபோது, அன்றைக்கு அவருக்கு வேலையே இல்லை, மோட்டார் கம்பி திருட வந்தவர் என்று குத்தகைக்காரர் ஜெயபாண்டி எழுதிக் கொடுத்துவிட்டார். கூட வேலை பார்த்த செல்லையா மட்டும்தான் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார். அவருக்கும் வேலை போய்விட்டது. வாய்தாவுக்கு வாய்தா அவருக்குப் போக வர டிக்கெட், மதியச் சாப்பாடு. வக்கீல் இலவசம், பஸ் இலவசமில்லை.

"டவுன் பஸ்ஸுல எனக்கு ஓசி. அவருக்கு இல்ல. தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலிக்கு ரெண்டு பேருக்குமே இல்ல. அதுக்குத்தான் எண்ணெய். ஒம்பதாம் தேதி அன்னிக்கு அவரு சாட்சி சொல்லணும். எங்கயும் பெரட்ட முடியல. வெறுங்கையோட கூட்டிட்டுப் போயி வழியில விட்டுருவியோன்னு அவரு பயந்துட்டாரு."

"இதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"ஜெயபாண்டி கட்டியிருக்கது யாரைத் தெரியுமா? தங்கக்கனி அண்ணாச்சி தங்கச்சியை. உங்ககிட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள அங்க போயிரும். செல்லையா அண்ணன் வீட்டு வாசல்ல நாலு பேரு நிப்பான். இந்தத் தெருவுல எத்தனை பேரு பொருளை அண்ணாச்சிக்கே பாதி விலைக்குத் திருப்பிக் குடுக்காவன்னு உங்களுக்குத் தெரியாதா? அவுககிட்டக் குடுத்திருந்தா எனக்கு ஒரு வம்பும் வந்திருக்காது."

தெரியும்.

பர்ஸை எடுத்து ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"காசு வந்தா வரட்டும், வராட்டாப் போகட்டும். திருட வந்தவன்னு அவரை எழுதியிருக்கான். அதை அடிக்கணும் எனக்கு. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீய. எச்சரிக்கை குடுத்தாச்சுன்னு. என் வீட்டுக்கு நீங்க வந்ததே ஒரு தரந்தான். பொய்யா, இல்லியா?"

அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயாவது எழுதுகிறேன். 'முன்னெச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம். நவம்பர் 24 அன்று 'ஆம்' என்று டிக் செய்தேன். நான்தான் செய்தேன். இல்லையென்றால் மூன்று வந்திருக்காது.

"ரெண்டு நாள் குடுங்க" என்றேன். கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 23, செவ்வாய்

இளவழகன் சார் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"அலுவலக ஆவணத்தை வெளிய குடுக்க முடியாதும்மா."

"ஆவணம் வேண்டாம், சார். நான் செஞ்சதை என் கையால எழுதிக் கொடுக்கறேன்."

"என்ன செஞ்சீங்க? தப்பா டிக் பண்ணேன்னா? அப்போ நடவடிக்கை உங்க மேலதான் வரும். மத்த அறிக்கை எல்லாத்தையும் திறந்து பாக்கச் சொல்வாங்க. அஞ்சு பேரும் உங்களை என்ன சொல்வாங்க? நீட்டிப்புப் பட்டியல்ல உங்க பேரை நான் முதல்ல எழுதி வச்சிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அம்மாவுக்கு ஜனவரி தவணையை எப்படியாவது விடச் சொல்றேன். பேசாம இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ மூன்று கேட்கிறார்கள்.

இளவழகன் சார் சொன்னதை அப்படியே வள்ளித்தாயிடம் சொல்லிவிடலாம் என்று ஆறாம் தெரு முனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கோயிலில் இடம் இல்லை, வெளியே நின்றேன். கேக் வாங்கவில்லை. நேற்றே வள்ளித்தாய் வீட்டுக்குப் போய், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "திங்கக்கிழமை ஏழு மணி பஸ்" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

வக்கீல் ஷமீமாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அலுவலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. நான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன தாளைப் படித்தார்.

"'அட்டை நிறுத்தப்பட்டது', 'எச்சரிக்கை கொடுக்கப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது'. யாரு பதிவு செஞ்சது மேடம்? பட்டது, பட்டதுன்னே இருக்கே. எதிர்க்கட்சி வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

மேசை விளிம்பிலேயே வைத்துத் திரும்ப எழுதினேன். எமல்டா, மிக்கேலின் மகள், வயது நாற்பத்தொன்று. எச்சரிக்கை நான் கொடுக்கவில்லை. கொடுத்ததாக நான் பதிவு செய்தேன். அதனால் அட்டை நின்றது.

ஒரு பக்கம்கூட வரவில்லை. கை வலித்தது. வள்ளித்தாய் பக்கத்தில் நின்று, தனக்குப் படிக்கத் தெரிந்த வேகத்தில், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துத் தலையை அசைத்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜனவரி 9, வெள்ளி

நீட்டிப்புப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேர்.

இளவழகன் சார் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கவரைத் தந்தார். விளக்கம் கேட்டுக் கடிதம். ஏழு நாளில் பதில் எழுத வேண்டும். உள்ளதை எழுதினேன், ஏழு நாள் தேவைப்படவில்லை.

தங்கக்கனி அண்ணாச்சி கடையைத் தாண்டும்போது அவர் என்னைப் பார்க்காததுபோல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "சோறு போட்ட கையைக் கடிச்சிட்டுப் போவுது பாரு."

எதிர்க்கடையில் ஒரு கிலோ உளுந்து வாங்கி, திரும்ப வந்து அவர் தராசுத் தட்டில் வைத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மழை முடிந்துவிட்டது. அளங்களில் தண்ணீரை வெட்டி விடுகிறார்கள். வள்ளித்தாய்க்கு ஜனவரித் தவணை விட்டிருக்கிறார்களாம். சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நிறுத்தின டிசம்பர் தவணை போனது போனதுதான்.

இசக்கியம்மாளைத் தண்ணீர்க் குழாயில் பார்த்தேன். "யக்கா, அடுத்த வருசமும் அட்டைதான் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் சொல்வதும் நிஜம்தான். "இந்த மாசத்தோட எனக்கு அங்க வேலை இல்லம்மா" என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மனு இன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுத்துக்கொண்டார்கள் என்று எழுத வேண்டும்.

அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். செல்லையா சன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க இருமினார். அன்றைக்கு மழையில் திரும்பிப் போனதை நினைத்தோ என்னவோ, வள்ளித்தாயின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

கோர்ட் என்றால் பெரிய கூடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாதாரண அறை. மின்விசிறி கிறீச்சிட்டது. ஜெயபாண்டியின் வக்கீல் எழுந்து, பஸ்ஸுக்குக் காசில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா, அரசாங்கம் கொடுத்த உணவுப்பொருளை விற்கிற ஒருவரின் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்டார்.

நீதிபதி என் தாளைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எச்சரிக்கை குடுத்தீங்களா?"

"இல்ல, சார்."

"பின்ன ஏன் குடுத்ததா எழுதினீங்க?"

"வாரத்துக்கு மூணு வேணும்னு சொன்னாங்க, சார். ரெண்டுதான் இருந்தது."

அறையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"எண்ணெயை வித்த காசு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்லல. சொல்லியிருந்தாலும் படிவத்துல அதை எழுத இடம் இல்ல, சார்."

அவர் கொஞ்ச நேரம் எழுதினார். வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுப்பதாகவும், செல்லையாவின் சாட்சியத்துக்கு மார்ச் பத்து என்றும் சொன்னார். அவ்வளவுதான். கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெயித்தோமா என்று செல்லையா கேட்டார். "இல்லண்ணே. இனிமேத்தான்" என்றார் வள்ளித்தாய்.

வெளியே வந்து ஓட்டலில் சாப்பிட்டோம். செல்லையா இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினார். வேறு ஊர் அளத்தில் வரப்பு கட்டுகிற வேலைக்குப் போன வாரத்திலிருந்து போகிறாராம் வள்ளித்தாய். பொழுது விடியுமுன்னே கிளம்பி நாலு மைல் நடை. ஜெயபாண்டி பக்கத்தில் இனி வேலை கிடைக்காது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும் நான் பர்ஸைத் திறந்தேன். வள்ளித்தாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து நோட்டை எடுத்து, "தூத்துக்குடி மூணு" என்றார்.

"அக்கா, எனக்கு நான் எடுத்துக்கிடுதேன்."

"சும்மா இருங்க. செல்லையா அண்ணனுக்கும் நாந்தான எடுக்கேன். என் சாட்சிக்கு நான்தான் எடுக்கணும்."

சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் சுருக்கில் போட்டு இறுக்கிக் கட்டினார். பிறகு தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். வாகைக்குளம் தாண்டும்போது அவர் தலை என் தோளில் விழுந்தது. நான் நகரவில்லை.